அப்பாசியாவில் ஒரு வியாழக்கிழமை உபவாசம்

அந்த ஆகஸ்டில் எனக்கு உட்கார்ந்து அழ ஓர் இடம் கிடைக்கவில்லை. குவைத்தில், அப்பாசியாவில் நாங்கள் இருந்த ஃபிளாட்டின் ஹாலைப் பலகை வைத்து இரண்டாக அடைத்திருந்தார்கள். மறுபாதியில் ஒரு திருவல்லாக் குடும்பம். மூக்கைச் சிந்தினால்கூட, "எந்தா சேச்சி, ஜலதோஷமாணோ?" என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். கிளினிக்கில் அழ முடியாது. நான் அங்கே நர்ஸ், அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தத்தான் எனக்குச் சம்பளம். சபையில் அழவே கூடாது. அங்கே கண்ணீர் என்றால் விசுவாசக் குறைச்சல்.

என் தம்பி போன லாஞ்சு திரும்பி வரவில்லை. ஃபஹாஹீலிலிருந்து மீன்பிடிக்கப் போகும் லாஞ்சுகள் நாலைந்து நாளில் கரைக்கு வந்துவிடும். அதற்குமேல் ஐஸ் தாங்காது. இது அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. தம்பிக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடம் போய் நின்றால் "இன்ஷா அல்லா" என்றார். அவருடைய ஆபீஸில் இருந்த மலையாளி கிளார்க், "கிட்டும் சிஸ்டரே, பேடிக்கண்டா" என்று தைரியம் சொன்னான். கடலோரக் காவல்காரர்களின் ஆபீஸ் வாசலில் நின்ற போலீஸ்காரனுக்கு என் இந்தி புரியவில்லை, எனக்கு அவன் அரபி புரியவில்லை. அவன் இரண்டு கையையும் விரித்து "மாஃபி" என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது.

பக்கத்து நாட்டில் சண்டை நடந்த வருடம் அது. வடக்கே கடல் முழுக்கப் போர்க்கப்பல். எல்லை தெரியாமல் போன லாஞ்சை யாராவது பிடித்து வைத்திருப்பார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே, என் தம்பி ஏதாவது ஒரு லாக்கப்பில் அடி வாங்கிக்கொண்டாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூடப்பிறந்தவனுக்கு யாராவது ஜெயிலைக் கேட்பார்களா? நான் கேட்டேன். சோறு தொண்டையில் இறங்காத நாட்களில் எதையும் கேட்கலாம் என்று தோன்றியது.

அவன் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருவான். குவைத்காரர்கள் சுபைதி என்று உயிரை விடும் வாவல் மீனைப் பழைய அரபிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து, அதைச் சுத்தம்பண்ணுவதுகூட என் வேலைதான் என்பதுபோல் ஸிங்கில் போட்டுவிட்டு, ஏசிக்குக் கீழே கால்நீட்டிப் படுத்துவிடுவான். நான் திட்டுவேன். எனக்கு வாய் நீளம். "ஏம்ல, இது என்ன லாட்ஜா?" என்பேன். கண்ணைத் திறக்காமலேயே, "லாட்ஜுன்னா இந்நேரம் சாயா வந்திருக்கும் எக்கா" என்பான். கிளினிக்கில் நான் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர். இந்த நாட்டில் என்னை எக்கா என்று கூப்பிட்டது அவனும், ஊரில் எங்கள் தெருவிலிருந்தே அவனோடு புறப்பட்டு வந்த அவன் கூட்டாளியும்தான். கூட்டாளி வேறொரு லாஞ்சில் வேலை பார்த்தான். அதனால் அவன் கரையில் இருந்தான், என் தம்பி இல்லை.

இனி சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரும் கத்தோலிக்கர்கள். அம்மா ஊரில் இன்னும் ஜெபமாலைதான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரோடு சேர்ந்து நான் பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தேன். சபை என்றால் கோபுரமும் மணியும் இல்லை, அப்பாசியாவில் ஒரு ஃபிளாட்டின் ஹால். கதவு இடுக்கில் துண்டைச் செருகி, சத்தம் வராமல் கை தட்டிப் பாடுவோம். அதை நடத்தியவரைப் பிரதர் என்று கூப்பிடுவோம். வாரம் முழுக்க ஏசி மெக்கானிக், வெள்ளிக்கிழமை ஊழியக்காரர். நல்ல மனுஷர். ஆனால் யாருக்கு எது நடந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். "வந்துட்டான்னு சொல்லுங்க சிஸ்டர். வருவான்னு சொல்லாதீங்க. வந்துட்டான்னு அறிக்கை பண்ணுங்க." நானும் சொன்னேன். வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கண் கலங்கினால் அவருடைய மனைவி என் கையைப் பிடித்து அழுத்துவாள். அது ஆறுதல் இல்லை, எச்சரிக்கை.

இப்படி இருக்கும்போதுதான் பிரதர் அந்த உபவாசத்தை அறிவித்தார். ஏதோ ஒரு பிரசங்க சிடியில் கேட்டாராம். யூதர்களுக்கு வருடத்தில் ஒரு துக்க நாள் இருக்கிறது. எருசலேமில் அவர்களுடைய ஆலயம் இரண்டு தடவை இடிந்தது, இரண்டும் அவர்கள் காலண்டரில் ஒரே நாள். அன்று அவர்கள் சாவு வீட்டைப்போல் இருப்பார்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும் வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. குளிக்கக் கூடாது. தோல் செருப்புப் போடக் கூடாது. நாற்காலியில் உட்காரக் கூடாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. அவர்கள் அழுகிற நாளில் நாமும் கூட உட்கார்ந்து அழுதால் கர்த்தருக்குப் பிரியமாக இருக்கும் என்றார் பிரதர். இந்த நாட்டில் அந்த ஜனத்தின் பேரை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் போனில் பேசும்போது எல்லாரும் 'வியாழக்கிழமை உபவாசம்' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உபவாசம் எங்களுக்குப் புதிது இல்லை. விசாவுக்கு உபவாசம், பிள்ளைப்பேறுக்கு உபவாசம், டிரைவிங் லைசென்ஸுக்குக்கூட உபவாசம். ஒவ்வொன்றிலும் கேட்பதற்கு ஒன்று இருக்கும். பிரதர் கையை உயர்த்தி, "இது அப்படி இல்ல. இந்த நாள்ல ஒண்ணும் கேக்கக் கூடாது. அழ மட்டும்தான் செய்யணும்" என்றார். சபையில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் எதற்குப் பட்டினி கிடப்பது? எனக்கோ நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அழலாம் என்று ஒருத்தர் அனுமதி கொடுத்துவிட்டார். எவன் ஆலயம் எங்கே இடிந்தால் எனக்கென்ன, நான் போவேன் என்று முடிவு பண்ணினேன். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சுருண்டு விழுவீர்கள், சர்க்கரைக்காரர்கள் வராதீர்கள் என்று நர்ஸாக ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் சம்மதித்தேன்.

புதன்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னால் எல்லாரும் பிரதர் ஃபிளாட்டில் கூடினோம். உபவாசத்துக்கு முந்தின கடைசிச் சாப்பாடாக அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டுத் தின்ன வேண்டுமாம். கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கடைசியில் பிரதர் கீழே எகிப்துக்கார மிஸ்ரியின் ஷீஷா கடைக்குப் போய், ஹூக்காக் கரி எரிந்த சாம்பலை ஒரு தட்டில் கொஞ்சம் வாங்கி வந்தார். பீடி பிடிப்பதே பாவம் என்கிற கூட்டம், ஷீஷா சாம்பலில் முட்டையைத் தொட்டுத் தின்றது. வேறு சமயமாக இருந்தால் நான் வாரக்கணக்கில் சிரித்திருப்பேன். தம்பியிடம் சொன்னால் அவன் உருண்டு சிரிப்பான் என்று நினைத்தேன். நினைத்ததும் மீதி முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் திரும்பக் கூடினோம். நான் லீவு போட்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலை. இருட்டோடு போனால் இருட்டித்தான் வருவார், உள்ளே மொபைல் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். பிரதரின் மனைவி வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நின்று எல்லாருடைய மொபைலையும் அணைத்து வாங்கிக்கொண்டாள். ஸ்தோத்திரம் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போவது முதலில் கூச்சமாக இருந்தது. ஜன்னல் திரை இழுத்துவிட்டு, சோபாவைச் சுவரோரம் ஒதுக்கி, வெறுந்தரையில் உட்கார்ந்தோம். வேதத்தில் இடிந்த நகரத்துக்காக அழுகிற பகுதியைப் பிரதர் தணிந்த குரலில் வாசித்தார். விதவையைப்போல் உட்கார்ந்திருக்கும் நகரம், பசியில் சுருண்ட பிள்ளைகள். முதலில் ஒரு சிஸ்டர் விசும்பினாள். அவளுக்கு விசா முடிந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொருத்தி. எருசலேம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்தான் நாங்கள். ஆனால் ஆளுக்கொரு இடிந்த வீடு உள்ளே இருந்தது.

நான் அழுதேன். கிளினிக்கிலும் பலகைக்குப் பக்கத்திலும் அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது. யாரும் என் கையை அழுத்தவில்லை. ஆனால் சொன்னபடி கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அழுகைக்கு அடியில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனைத் தா. கை கால் போனாலும் பரவாயில்லை, உயிரோடு தா. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதும் உள்ளே அந்த வரி நிற்கவில்லை.

மத்தியானம் தாண்டிக் கதவு தட்டும் சத்தம். பிரதரின் மனைவி திறந்தாள். தம்பியின் கூட்டாளி நின்றான். தலை வாரியிருந்தது, துவைத்த சட்டை. கையில் ஒரு ஃபிளாஸ்க். எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான், திருவல்லாக்காரர்கள் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவன் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. திரை போட்ட அறையையும், தரையில் உட்கார்ந்து அழுகிற எங்களையும் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

பேசக் கூடாது என்பதால் புருவத்தை உயர்த்தி, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்து இல்லை என்பதுபோல் ஆட்டினான். சரி, இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நல்ல செய்தியாக இருந்தால் அவன் வாசலிலேயே கத்தியிருப்பான். கெட்ட செய்தியாக இருந்தால் அவனால் அடக்கிக்கொண்டு உட்கார முடியாது, அவன் சுபாவம் எனக்குத் தெரியும். இப்படி எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அவனிடமிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தது. அது என் உடுப்பில் இருந்து வருகிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் அழ ஆரம்பித்தான். விசும்பல் இல்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க, கடலில் வேலை செய்கிற ஆண்பிள்ளை அழுகிற அழுகை. பிரதர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். சிலுவை போடுகிற கத்தோலிக்கப் பையனை ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று அவர் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பார்த்தீர்களா சிஸ்டர், கர்த்தர் செய்கிறார் என்று அர்த்தம். அவன் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் கடுங்காப்பி ஊற்றி என்னிடம் நீட்டினான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். உபவாசத்தில் காப்பியா? பாவம், அவனுக்கு முறை தெரியவில்லை என்று நினைத்தேன். அவன் வற்புறுத்தவில்லை. காப்பியைத் திரும்ப ஊற்றி மூடிவிட்டு, என் தோளில் ஒரு தடவை கை வைத்து எடுத்தான்.

இப்போது நினைத்தால் அதுதான் தாங்கவில்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு ஃபிளாஸ்கில் கடுங்காப்பி கொண்டுபோவார்கள். அங்கே யாரும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். வந்தவர் தரையில் உட்கார்ந்து கூட அழுவார். இத்தனை வருடம் அப்படி எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

அவன் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெம்பாகக்கூட இருந்தது. இவனே இப்படி உருகினால் ஆண்டவர் கேட்காமலா போவார் என்று நினைத்து இன்னும் வேகமாகக் கேட்டேன். நான் கேட்டதற்கெல்லாம் பதில், கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மக்ரிப் வாங்கு சொன்னார்கள். பிரதர் கையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் இருட்டட்டும்" என்றார். பிறகு திரையை விலக்கி வெளியே பார்த்துவிட்டு லைட்டைப் போட்டார். ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். நாள் முழுக்க வாயில் அடைத்துவைத்த ஸ்தோத்திரம் எல்லாம் அறை முழுக்க எழும்பியது. தண்ணீர் பாட்டில்கள் கைமாறின. சமையலறையிலிருந்து கஞ்சியும் பயறும் வந்தன. இரண்டு மிடறு தண்ணீர் உள்ளே போனதும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மனசில் ஒரு நிச்சயம். அவன் வருவான். இவ்வளவு அழுத பிறகு வராமல் இருக்க மாட்டான். லாஞ்சு காணாமல் போனதிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது. அகப்பையை நானே வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினேன். கூட்டாளியிடம் வந்தபோது சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"ஸ்தோத்திரம்ல தம்பி. கோப்பைய நீட்டு" என்றேன்.

அவன் எழுந்தே விட்டான். "நீங்க எதுக்கு எக்கா வெளம்புறிய? நீங்க இரிங்க. நீங்க செய்யப்பிடாது" என்று அகப்பையைப் பிடுங்கப் பார்த்தான்.

"ஏன், எனக்கு என்ன?"

அவன் என்னையும், சுற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அத்தான் எப்ப வாறாவ எக்கா? ஆஸ்பத்திரியில ஒரு கையெழுத்து போடணுமாம். சொந்தக்காரவியதான் போடணும்னு சொன்னாவ. நான் போட்டா செல்லாதாம்" என்றான்.

"எதுக்குக் கையெழுத்து?"

அவன் முகத்தில் எதுவோ கழன்று விழுவதை நான் பார்த்தேன். கஞ்சிப் பாத்திரத்தை யாரோ என் கையிலிருந்து வாங்கினார்கள்.

"ஆபீஸ்ல இருந்து காலையில விளிச்சுச் சொல்லலியா எக்கா? சிஸ்டர்ட்ட சொல்லியாச்சுன்னு அந்த மலையாளத்தான் சொன்னானே. நாந்தான் போய்ப் பாத்து அவன்தான்னு சொன்னேன். கூடக் கெடச்ச மத்தவன மாதிரி இல்ல எக்கா, மொகம் நல்லா இருந்துது."

கடைசியில் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். தண்ணீரில் அத்தனை நாள் கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பொய்யைத்தான் நான் அப்போது பிடித்துக்கொண்டேன். முகம் நன்றாக இருந்ததாம் என்று பிரதரிடம் சொன்னேன். அவர் கையில் கஞ்சிக் கோப்பையோடு நின்றார். வந்துவிட்டான் என்று அறிக்கையிடச் சொன்ன மனுஷர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, காலையில் அணைத்து வாங்கிய என் மொபைலைக் கூடையிலிருந்து எடுத்து நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான். "வந்ததும் ஏம்ல சொல்லல? இவ்வளவு நேரம் பக்கத்துல இருந்தியே, ஏன் சொல்லல?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

அவன் என் கையைக்கூட விலக்கவில்லை. "எல்லாரும் தரையில இருந்து அழுதுட்டு இருந்திய எக்கா. தெரியாமயா அழுவாவன்னு நெனச்சேன்" என்றான்.

நான் சட்டையை விட்டேன். அந்த அறையில் அன்று முழுக்க என் தம்பி செத்துப்போனதற்காக அழுதது கூட்டாளி ஒருவன்தான். மற்றவர்கள் எருசலேமுக்கு அழுதார்கள், விசாவுக்கு அழுதார்கள். கூடப்பிறந்த நான், அவன் வந்துவிடுவான் என்று அழுதுகொண்டிருந்தேன்.